காட்டேரிக்கு எத்தனை ஓட்டு?

கே: விடுதியில் நாங்கள் ஐந்து பேர் ‘வாம்பையர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்’ சீட்டு ஆடுகிறோம். நேற்று ஓட்டெடுப்பில் 4-க்கு 4. தீர்மானம் கொண்டுவந்தவன் ‘பாஸ்’ என்கிறான். அடி வாங்க வேண்டியவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர்கள், உத்தமபாளையம்

ப: சாப்பிடப் போனவர் பக்கம்தான் நியாயம். சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான். மெஜாரிட்டி என்றால் ஒன்றாவது கூட இருக்க வேண்டும்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்கு: ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1994-ல் உருவாக்கிய ஆட்டம் இது. வேறு பெயரில் வந்து மறு ஆண்டே இந்தப் பெயருக்கு மாறியது. வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு 30 கையிருப்பு. இடப்பக்கத்து ஆள் உங்களுக்கு இரை. வலப்பக்கத்து ஆளுக்கு நீங்கள் இரை. கையிருப்பு காலியானால் எழுந்து போக வேண்டியதுதான். அடுத்தவர் கையிருப்பைக் கரைக்க ஒரு வழி, காட்டேரிகளை விட்டு ஓட்டெடுப்பு நடத்துவது. பிரைமோஜென் பதவிக்கு 1 ஓட்டு, பிரின்ஸுக்கு 2, ஜஸ்டிகாருக்கு 3, இன்னர் சர்க்கிளுக்கு 4. பதவி இல்லாத காட்டேரிக்கு, தனியாக ஏதும் சலுகை இல்லாவிட்டால், பூஜ்யம். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதெல்லாம் மனுஷப் பிறவிகளுக்குத்தான்.

கே: சமமாக வந்தால் நம் ஊர்த் தேர்தலில் என்ன செய்வார்கள்?
– அதே மாணவர்களில் ஒருவர் (தோற்றவர்)

ப: சபை வேறு, தேர்தல் வேறு. மக்களவையிலும் சட்டமன்றத்திலும் சபாநாயகர் முதலில் ஓட்டுப் போட மாட்டார். சமம் வந்தால் மட்டும் அவர் ஓட்டு உயிர் பெறும். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று கவிழ்ந்ததே, இன்னும் ஒரே ஓட்டு ஆதரவாக விழுந்து 270-க்கு 270 ஆகியிருந்தால் சபாநாயகர் பாலயோகி வாய் திறந்திருக்க வேண்டும்.

வேட்பாளர்கள் சமமானால் குலுக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65-ஆம் பிரிவு சொல்வதுதான் வேடிக்கை: சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு கிடைத்ததாகக் கொள்ள வேண்டுமாம். அந்த ஓட்டைப் போட்டது யார், எந்த வார்டு, விரலில் மை இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. காட்டேரி ஓட்டு என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் உண்டென்றால் அது இதுதான்.

கே: என் பிரின்ஸ் ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்த சீட்டாகக் கிடக்கிறார். அவர் ஓட்டுப் போடலாமா? டார்பரில் விழுந்த காட்டேரி?
– இன்னொருவர், அதே விடுதி

ப: திருப்பி வைத்தவர் தாராளமாகப் போடலாம். களைத்திருக்கிறார், அவ்வளவுதான், பதவி போய்விடவில்லை. 1999-ல் அந்த 270-ல் ஒருவர் கிரிதர் கமாங். பிப்ரவரியிலேயே ஒடிசா முதல்வராகிவிட்டார், எம்.பி. பதவியை விடவில்லை, டெல்லிக்கு வந்து ஓட்டுப் போட்டார். பெரிய சர்ச்சை ஆனது. ஓட்டு செல்லும் என்றே ஆயிற்று.

டார்பர் என்ற மயக்கத்தில் கிடப்பவர் போட முடியாது. செத்தவர்களே ஆடும் ஆட்டத்தில்கூட எழுந்து உட்கார முடியாதவருக்கு ஓட்டில்லை என்று வைத்திருக்கிறார்கள். நம்மூர்ப் பட்டியல்களில் இந்த ஒழுங்கு இருந்தால் பாதித் தகராறு குறையும்.

கே: கையில் மூன்று அரசியல் சீட்டு இருக்கிறது. மூன்றையும் எறிந்து மூன்று ஓட்டு வாங்கலாமா?

ப: ஒன்றுதான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவருக்கு, அதற்காகப் போட்ட சீட்டே ஒரு ஓட்டு. மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றை எறியலாம். பேராசை வேண்டாம்.

கே: நான் இருப்பது உத்தமபாளையம் பேரூராட்சி. எங்கள் தலைவருக்கு நான் ஓட்டே போடவில்லை. ராயப்பன்பட்டியில் இருக்கும் மச்சான் மட்டும் நான்கு ஓட்டுப் போட்டதாகப் பீற்றுகிறார்.
– மளிகைக் கடைக்காரர், உத்தமபாளையம்

ப: மச்சான் பீற்றலாம், பாத்தியதை உண்டு. அவர் ஊர் ஊராட்சி. 2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று கையில் கொடுத்து, குத்தி மடித்துப் பெட்டியில் போடச் சொன்னார்கள். உங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ல் வார்டு கவுன்சிலருக்கு ஒரே பொத்தான். தலைவரைக் கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4-ல் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் நீங்களே நேரடியாகப் போட்டீர்கள். சட்டத்தை மாற்றி அதை எடுத்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக் காட்டேரி ஆட்டமும் இதே கதைதான்: பெரும்பாலும் பதவி உள்ளவர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் அங்கே யாருக்கு எத்தனை ஓட்டு என்பதைச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே அடுத்த தேர்தலுக்குள் விதி எந்தப் பக்கம் திரும்பும் என்று கவுன்சிலருக்கே தெரியாது. எனக்கு நேரடித் தேர்தல்தான் பிடிக்கும்.

கே: ஒப்பந்தம் போட்டேன். ‘நீ எனக்கு ஓட்டுப் போடு, இரண்டு சுற்றுக்கு உன்னைத் தொடமாட்டேன்’ என்றேன். போட்டான். அடுத்த சுற்றிலேயே நான் அடித்துவிட்டேன். தப்பா?
– அடித்தவர், விடுதி

ப: விதிப்படி தப்பில்லை. பேரம் பேசலாம், பேச்சை நிறைவேற்ற வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த மேஜையில் இனி உங்களை யாரும் நம்பப் போவதில்லை, தண்டனை அதுதான். இந்தப் பழக்கத்தை வாக்குச்சாவடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஓட்டுக்கு விலை பேசினால் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். 2019-ல் பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள்.

கே: நான் போவதற்குள் என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள்!
– திராட்சைத் தோட்டக்காரர், கம்பம்

ப: ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தேர்தல் விதி 49-பி தெரியும். நீங்கள்தான் நீங்கள் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் நிரூபித்தால் மெஷினில் இல்லை, காகிதச் சீட்டில் போடலாம். ஆய்வுக்குரிய வாக்கு என்று அதைத் தனி உறையில் வைப்பார்கள். படத்தில் சொல்லாத பாதி இது: எண்ணிக்கை நாளில் அதை எண்ண மாட்டார்கள். வழக்குப் போய், நீதிமன்றம் சொன்னால்தான் உறை திறக்கும். அதற்காக விட்டுவிட்டு வரவும் கூடாது. 2008-ல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார்.

கே: ஓட்டுப் போடுவதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்கள் உத்திரமேரூர்த் தமிழர்கள்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சின்னமனூர்

ப: ஐயா, அது ஓட்டு அல்ல, குலுக்கல். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லும் 921-லும் வெட்டியது. பிராமண ஊர்ச் சபைக்கான விதி. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள். ஆனால் அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூத்த நம்பி, அதாவது அர்ச்சகர், பெயர் ஓலைகள் போட்ட குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சின்னப் பையன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் சொந்தக்காரரும் குடத்துப் பக்கமே வர முடியாது.

கே: அடுத்த ஆட்டத்துக்கு ஏதாவது யோசனை?
– விடுதி மாணவர்கள், உத்தமபாளையம்

ப: உண்டு. பிரின்ஸுக்கு எத்தனை ஓட்டு என்று தலைகீழாகச் சொல்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறீர்கள்? படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுங்கள். 17 வயது முடிந்தாலே முன்கூட்டிக் கொடுக்கலாம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று வருஷத்துக்கு நான்கு தகுதி நாள் இருக்கிறது.