கட்டத்துக்குள் ஒளிந்த தையல்

கேள்வி: ஓவியத்தைப் பார்த்து உடை தைப்பது கலையா, காப்பியா?

பதில்: துணியில் அப்படியே அச்சடித்தால் காப்பிதான். 1965இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் அப்படிச் செய்யவில்லை. ஓவியர் பியெட் மோந்திரியானின் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களைத் தனித்தனிக் கம்பளி ஜெர்சித் துண்டுகளாக வெட்டி இணைத்து உடைகள் தைத்தார். அங்கேதான் சிக்கல். மோந்திரியான் தன் முதிர்ந்த ஓவியங்களில் வளைகோட்டுக்கு இடமே தராதவர். மனித உடலிலோ நேர்கோட்டுக்கு இடமே இல்லை! உடம்புக்கு வளைந்து கொடுக்கும் தையலையெல்லாம் அந்தக் கட்டங்களின் இணைப்புகளிலேயே ஒளித்துவைத்தார் சான் லோரான். எந்த ஓவியரும் தொடாத கணக்கு அது. எனக்கு அதுவே கலை. 1944இலேயே மறைந்த மோந்திரியான் இதைப் பார்க்காமல் போனாரே என்று வருந்துகிறேன். அந்த உடைகளில் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.