வாய் திறவாத விளக்கு

லீட்ஸ்,
1968 பிப்ரவரி.

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கும், அக்காவின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதற்கும் தவறாமல் பதில் எழுதவும்.

நான் வாங்கியிருக்கும் மாரிஸ் மைனர் எந்த வருஷத்தது, எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். 1957-ஆம் வருஷத்து வண்டி. உங்கள் பேபி ஹிந்துஸ்தானும் மாரிஸ் மைனரின் வம்சமே ஆகையால், இரண்டையும் அருகருகே நிறுத்தினால் தமையனும் தம்பியும் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். உங்களுடையதில் முன்கண்ணாடியின் நடுவே ஓடும் கம்பி இதில் இல்லை. திரும்ப வேண்டியபோது பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிறு கை நீண்டு திசை காட்டுகிறது. பனி உறைந்த நாட்களில் அந்தக் கை வெளியே வர மறுக்கும், வந்துவிட்டாலோ உள்ளே போக மறுக்கும். இவையெல்லாம் அற்ப விஷயங்கள். பிரதான வித்தியாசம் வேறொன்று. அதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

யார்க் நகரத்தில் டாக்டராக இருக்கும் மாயவரத்து நண்பரின் குழந்தைக்கு ஆயுஷ்ய ஹோமம் என்று சென்ற வாரம் சகுடும்பமாகப் புறப்பட்டோம். பாதி வழியில் டாட்காஸ்டர் என்று ஓர் ஊர். பீர் வடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஊராதலால், தொலைவிலேயே அதன் வாசனை வந்து எதிர்கொள்ளும். ஆசாரக் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரைந்து கடக்க வேண்டிய அந்த க்ஷேத்திரத்தில்தான், எதிரே ஒரு லாரி திரும்புவதற்காக நாங்கள் நிற்க நேர்ந்தது. நின்றவுடன், வேகங்காட்டும் வட்டத்தின் முகத்திலுள்ள ஆயில் பிரஷர் விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினால் அணைந்தது. காலை எடுத்தால் மறுபடியும் சிமிட்டியது. என் சகதர்மிணி, "அது என்ன, அழகாக இருக்கிறதே!" என்றாள்.

உங்கள் வண்டியில் இதற்கு விளக்குக் கிடையாது, முள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். பம்ப் தள்ளும் எண்ணெய் பேரிங்குகளுக்குள் எவ்வளவு அழுத்தத்துடன் போகிறதென்று அந்த முள் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டேயிருக்கும். குளிர்ந்த காலையில் உயர்ந்து நிற்கும். வெயிலில் தஞ்சாவூர் வரையில் போய் வந்தால் சற்றுத் தாழும். அதைப் பார்த்து நீங்களும் டிரைவரும் திண்ணையில் அரை நாழிகை விசாரம் செய்வீர்கள். இந்த வண்டியின் விளக்கோ அப்படிப்பட்டதன்று. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டும், சூடேறி நின்ற நிலையில் 15 பவுண்டும் இருக்க வேண்டுமென்பது இந்த எஞ்சினின் சாஸ்திரம். அந்த 60, 50 ஆகி, 30 ஆகி, 12 ஆனாலும் விளக்கு வாய் திறவாது. ஏதோ சில பவுண்டுதான் மிச்சம் என்று வந்த பிறகே ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். நமது முள் கும்பகோணத்து ஸ்வபாவம், இந்த விளக்கு லீட்ஸ் ஸ்வபாவம். தலைவலி வந்தால் தெருவுக்கே தெரிவிப்பது நம் வழக்கம். இந்த ஊரிலோ ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும், "சுமாராக இருக்கிறேன்" என்பார்கள்.

சர்வகலாசாலையில் என் சகாக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். விளக்குகள் சதா பொய் சொல்லும், ஆகவே பல்பைக் கழற்றிவிடலாம் என்றார் ஒருவர். விளக்கை ஏற்றி அணைக்கும் ஸ்விட்ச் எஞ்சினில் இருக்கிறது, சில ஷில்லிங் செலவில் அதைப் புதிதாக மாட்டினால் சரியாகிவிடும் என்றார் மற்றொருவர். கெட்டியான ஆயிலை ஊற்றும்படி சொன்னார் மூன்றாமவர். அது, கியர் பெட்டியின் இரைச்சலை அடக்க மரத்தூள் போட்டு விற்கும் பழைய வண்டி வியாபாரிகளின் உபாயம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். விளக்கு உண்மை சொல்கிறதா என்ற கேள்வி மூவரில் ஒருவருக்கும் எழவில்லை. சர்க்காரையும் நம்புவதற்கில்லை. 1960-இல் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று ஏற்படுத்திய பரீட்சையைச் சென்ற வருஷம் மூன்று வருஷத்து வண்டிகளுக்கே விதித்துவிட்டார்கள் என்றாலும், அதில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதிப்பார்களேயன்றி ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பிரேக் கெட்டால் ஊருக்கு நஷ்டம், எஞ்சின் கெட்டால் உமக்குத்தானே நஷ்டம் என்பது அவர்களுடைய சித்தாந்தம் போலும்.

இந்த நிலையில் அடுத்த வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஹன்ஸ்லட் பகுதியில் ரயில் எஞ்சின் செய்யும் பட்டறையில் ஆயுள் முழுதும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதியில் செய்த எஞ்சின்கள் கப்பலேறி நம் தேசத்துக்கும் வந்திருக்கின்றன. இதுவரையில் "குளிர்கிறது" என்பதைத் தவிர வேறொன்றும் என்னிடம் பேசியறியாதவர், நான் பானெட்டைத் திறந்து நிற்பதைக் கண்டு, வேலியைத் தாண்டி வந்து, "முதலில் அணை" என்றார். விளக்கு பொய் என்று நிரூபணமாகும் வரையில் மெய் என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் குறையவில்லை, மேல் குறிக்கும் மேலே இருந்தது. எனக்குப் பரம சந்தோஷம். அவரோ அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசனை!

குளிர்காலத்தில் வீட்டுக்கும் சர்வகலாசாலைக்கும் இடையே ஓடும் சொற்ப தூரத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறுவதேயில்லை. சோக்கை இழுத்து வைத்திருக்கும் நேரத்தில் முழுதும் எரியாத பெட்ரோல், பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே சம்ப்பில் இறங்கி, ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்துவிடுகிறது. அளவு கூடுகிறது, சத்துக் குறைகிறது. யார்க் பாதையில் சூடேறியவுடன், ஏற்கெனவே நீர்த்துப்போன அந்த எண்ணெய் இன்னும் இளகி, பேரிங்குகளின் இடுக்குகளில் நிற்காமல் வழிந்தோடியிருக்கிறது. ஒரு குற்றவாளி அகப்பட்டான் என்பதற்காக மற்றவர்களை விடுதலை செய்ய அவர் சம்மதிக்கவில்லை. ஸ்விட்சிலிருந்து வயரைப் பிடுங்கிச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு எரியவில்லை, ஆகவே வயர் எங்கும் தேய்ந்து பாடியில் உரசவில்லை. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் தம்முடைய மீட்டர் ஒன்றைக் குழாயுடன் பொருத்தினார். குளிர்ந்த எஞ்சினில் அது 60-ஐத் தொட்டு நின்ற கம்பீரத்தைப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, பிறகு மெதுவாகச் சுற்ற விட்டபோது, 10-க்கும் கீழே தாழ்ந்தது. ஸ்விட்ச் நிரபராதி; விளக்கு சத்தியசந்தன்.

சூடு ஆறுமுன் பழைய ஆயிலை இறக்கினோம். எஞ்சினின் பின்பக்கத்துக் குமிழ் நட்டுக்குள்ளே, மிகுதியான அழுத்தத்தை வெளியே விடும் வால்வும் அதன் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அந்த வால்வு உட்காரும் இடத்தில் கொஞ்சம் கசடு இருந்ததைத் துடைத்தார். புது பில்டரும் புது ஆயிலும் போட்டுச் சூடேற்றிப் பார்த்ததில், மீட்டர் 15-க்குச் சற்று மேலே நின்றது. பேரிங்குகள் வயோதிகமடைந்திருப்பது உண்மையென்றும், வாரம் ஒருமுறை வண்டியை நெடுந்தூரம் ஓட்டினால் அவை இன்னும் சில காலம் சகித்துக்கொள்ளும் என்றும் அபிப்பிராயப்பட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரயாணம் என்று ஏற்பாடாகியிருக்கிறது. சகதர்மிணிக்கு இதில் மனஸ்தாபம் ஏதுமில்லை.

உங்கள் பேபி ஹிந்துஸ்தானைப் பற்றி அவரிடம் பிரஸ்தாபித்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமலிருந்துவிட்டு, சித்திரை வெயிலில் அந்த முள் எங்கே நிற்கும் என்று கேட்டார். அவராக வாய் திறந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுவே ஆகையால், அலட்சியம் செய்யலாகாது. கோடை வந்தவுடன், தஞ்சாவூர் போய்த் திரும்பி, எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தி, முள் காட்டும் எண்ணைக் குறித்து அனுப்ப வேண்டுகிறேன். டிரைவரின் அபிப்பிராயத்தையும் விஸ்தாரமாக எழுதச் சொல்கிறேன் என்றேன். எண் மட்டும் போதும் என்றார்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்.