பதிப்புப் புணர்ச்சி இலக்கணம்

கட்டிடம் எழும்பும் முன்பே அதன் கரண்ட் செலவையும் கரிக்கணக்கையும் சொல்லிவிடும் மென்பொருள்களுக்குக் கையேடுகள் உண்டு, இலக்கணம் கிடையாது. எனர்ஜிபிளஸின் கையேடு ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும். ஆனால் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்திறங்கியதும் நம் பழைய கோப்புக்கு என்ன நேரும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே தமிழாசிரியர் நமக்குச் சொல்லிவிட்டார். நாம்தான் அது சொற்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

பழைய கோப்பு நிலைமொழி. புதிய பதிப்பு வருமொழி. இரண்டும் சேர்வது புணர்ச்சி. அது இயல்பு, விகாரம் என இருவகைப்படும்.

இயல்பாவது, கோப்பு அப்படியே ஓடி, போன முறை தந்த விடையையே இம்முறையும் தருவது. மூன்றாவது எண் மட்டும் மாறும் சில்லறைத் திருத்தங்களில் இது சில சமயம் காணக்கிடைக்கும். மற்ற இடங்களில் அரிது என்று மட்டும் சொல்லி நகர்வோம்.

விகாரத்துக்குப் போகும் முன் வருமொழியின் குலம் கோத்திரம் தெரிய வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை வளர்த்த பிள்ளை எனர்ஜிபிளஸ். டிஓஇ-2, பிளாஸ்ட் என்ற இரு பெரியவர்களுக்கு வாரிசாக 2001-இல் வெளிவந்தது. ஃபோர்ட்ரான் பேசிக்கொண்டிருந்ததை 2014-இல் சி பிளஸ் பிளஸ் பேச வைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு பிரசவம், பெரும்பாலும் மார்ச்சிலும் செப்டம்பரிலும். 2021-இல் 9.6 வந்தது, அடுத்தது 22.1. நடுவில் பன்னிரண்டு எண்கள் எங்கே போயின என்று மாணாக்கன் கேட்பானேல், ஆண்டின் கடைசி இரு இலக்கத்தைப் பெயராக வைக்கத் தொடங்கினார்கள் என்க. ஒரே ராத்திரியில் பதிமூன்று வயது ஏறியவர்கள் புராணத்தில் உண்டு, மென்பொருளில் இதைத்தான் நான் பார்த்தேன்.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் எளிது. 9.3-இல் பைதான் செருகும் வசதி தோன்றியது. 9.6-இல் ‘ஸோன்’ என்ற மண்டலத்துக்குள் ‘ஸ்பேஸ்’ என்றொரு இடம் தோன்றியது. வீட்டுக்குள் வீடு, தனி ரேஷன் கார்டு. தோன்றலால் யாரும் கெட்டதில்லை, அதைப் பயன்படுத்தினால் ஒழிய.

திரிதலுக்குப் படி ஏற வேண்டும். 8.9-இல் எழுதிய கோப்பை 22.1-க்கு நேரே கொண்டுபோக முடியாது. மாற்றித்தரும் நிரல் 9.0, 9.1 என்று ஒவ்வொரு பதிப்பாகக் காலூன்றித்தான் ஏறும். எட்டுப் படி. 25.1 வரை என்றால் பதினான்கு. இன்னும் நான்கு வந்துவிட்டால் இருமுடி கட்டிக்கொண்டே ஏறலாம். வழியில் பெயர்கள் திரியும். அவற்றுள் தலையாயது 9.4-இல் நிகழ்ந்தது: ‘எலெக்ட்ரிக் பவர்’ என்றிருந்த வெளியீடுகள் ‘எலெக்ட்ரிசிட்டி ரேட்’ ஆயின, ‘எலெக்ட்ரிக் எனர்ஜி’ என்றிருந்தவை ‘எலெக்ட்ரிசிட்டி எனர்ஜி’ ஆயின. பொருளில் அணுவளவும் மாற்றமில்லை. ஆனால் நம்மூரில் ‘ரேட்’ என்றால் வேறு. அறிக்கையைப் புரட்டிய கட்டிட உரிமையாளர் ஒருவர் அந்தப் பத்தியில் விரலை வைத்து, “யூனிட்டுக்கு இவ்வளவா சார் ரேட்டு? ஈபில இப்படிப் போட்டா ஊர் தாங்காதே” என்றார்.

கெடுதலுக்கு எடுத்துக்காட்டு தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. கோப்பை ஒழுங்காகப் படியேற்றிவிட்டேன். விடைகளை வாங்கிக் கூட்டும் எக்ஸெல் தாளைப் படியேற்ற மறந்தேன். அது பழைய பெயரில் விளக்குக் கணக்கைத் தேடியது, கிடைக்கவில்லை. பிழை வந்தால் பூஜ்யம் போடு என்று அதற்கு ஃபார்முலா எழுதி வைத்த மகானும் நானே. நான்கு மாடி அலுவலகத்தில் ஓராண்டு முழுக்க ஒரு விளக்கும் எரியவில்லை. மொத்தக் கணக்கு அழகாகக் குறைந்திருந்தது, கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்கு கூடியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். மூன்று நாள் கழித்து, சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன் வந்து நின்றான்.

“அண்ணா, லைட்டே எரியலையே, அப்புறம் ஏசி லோடுல லைட் ஹீட் எப்படி வருது?”

எரியாத விளக்கின் சூட்டைத் தணிக்க ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கெட்டது பெயர் மட்டுமே, பொருள் கெடவில்லை என்பது இதன் உரை. அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த பிரியாணி இதன் சிறப்புரை.

இனி வழு. ஓட்டம் முடிந்ததும் மென்பொருள் ஒரு பிழைப்பட்டியல் தரும். அதில் ‘ஃபேட்டல்’, ‘சிவியர்’ என்பன வழு. ‘வார்னிங்’ என்பது வழுவமைதி, அதாவது குற்றம்தான், போனால் போகிறது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. வழாநிலை என்று ஒன்று உண்டு என முன்னோர் சொல்வர். நூற்றுநாற்பது வார்னிங்கோடு நிம்மதியாகத் தூங்குகிறவரைத் தேர்ந்தவர் என்றும், பன்னிரண்டுக்கே விழித்திருப்பவரைப் புதியவர் என்றும் அறிக.

மென்பொருள் சொல்வது சரியா என்று பார்க்க ஆஷ்ரே 140 என்றொரு தேர்வு முறை 2001 முதல் உண்டு. ஒரு பெட்டி வீட்டைப் பல மென்பொருள்களிடம் கொடுத்து விடைகளை ஒப்பிடுவார்கள். அதன் பெரும்பகுதியில் விடைத்தாள் என்று எதுவும் இல்லை, மற்றவர்கள் சொன்ன எல்லைக்குள் விழுகிறதா என்பதே பார்வை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவதற்கு இதைவிட கௌரவமான பெயரை நான் கண்டதில்லை. ஆனாலும் பல உண்மையான ஓட்டைகள் இதில்தான் பிடிபட்டன, அதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னவை மென்பொருள் மாறுவதால் வருபவை. இனிச் சொல்வது மென்பொருளும் மாறாமல், ஒரு செங்கலும் அசையாமல், உள்ளே கிடக்கும் எண் மட்டும் மாறுவதால் வருவது. இதை ஆகுபெயர் என்க. ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரன்று. அதுபோல, ‘வீடு கரியைக் குறைத்தது’ என்றால் குறைத்தது வீடன்று.

பிரிட்டனில் வீடுகளை மதிப்பிடும் சேப் என்ற கணக்குமுறையின் 2012 பதிப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.519 கிலோ கரியமிலவாயு. எரிவாயுவுக்கு 0.216. மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குகிறவன் அன்று பாவி. இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டிட விதிகளோடு சேப் 10.2 வந்தது. அதில் மின்சாரம் 0.136, எரிவாயு 0.210. ஹீட்டர் அதே, சுவர் அதே, குளிர் அதே, பாவி மட்டும் புண்ணியவானாகிவிட்டான். இது கண்கட்டு வித்தையும் அல்ல. அந்நாட்டு நிலக்கரி மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியான ராட்க்ளிஃப் 2024 செப்டம்பர் 30-இல் அணைந்தது. உழைப்பு அங்கே நடந்தது, சான்றிதழ் வீட்டுக்கூடத்தில் தொங்குகிறது. இடவாகுபெயர்.

நம் நாட்டில் இந்த எண்ணைத் தருவது மத்திய மின்சார ஆணையம். 2022-23-க்கு யூனிட்டுக்கு 0.716 கிலோ, 2023-24-க்கு 0.727. ஆண்டுக்குப் பத்து லட்சம் யூனிட் எரிக்கும் அலுவலகம் ஒன்று சிவனே என்று இருந்திருந்தாலும் 11 டன் கரியமிலவாயு கூடிவிட்டது. இதற்கு எதிர்த்திசையிலும் பிரயோகம் உண்டு. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த எண் 0.82. அடிப்படை ஆண்டுக்கு அதைப் போட்டு, நடப்பாண்டுக்கு 0.727 போட்டால், 11 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பு கைக்கு வரும். சும்மா இருப்பதே சுகம் என்பதை இத்தனை துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டிய சித்தர் வேறு யாருமில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அறிக்கையின் அடிக்குறிப்பைப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் அது மிகச் சிறிய எழுத்தில் இருக்கும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பதால் வானிலைக் கோப்பையும் சொல்ல வேண்டும். நமக்குச் சிறுபொழுது ஆறு, மென்பொருளுக்கு ஆண்டின் மணிகள் 8,760. அந்த மணிகள் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. ஜனவரி ஓர் ஆண்டிலிருந்தும் பிப்ரவரி வேறோர் ஆண்டிலிருந்தும், சராசரிக்கு நெருங்கியதாகப் பார்த்துப் பொறுக்கி ஒட்டுவார்கள். அப்படியோர் ஆண்டு எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அதில் மீனம்பாக்கத்து மே மாதம் நாம் பட்டதைவிடக் கொஞ்சம் நல்ல மாதமாகவே இருக்கும். கோப்பைப் புதுப்பித்தால் ஏசி கணக்கு ஏறும், ஏறினால் வாடிக்கையாளர் பழையதையே போடச் சொல்வார்.

புறனடை: மேற்சொன்ன விதிகள் யாவும் கணக்கு ஓடி முடிந்த இடத்துக்கே பொருந்தும். ஐந்து மணிக்கு ஒப்படைக்க வேண்டிய அறிக்கைக்கு நாலேகாலுக்கு ஓட்டம் தொடங்கி, அக்டோபர் வரை வந்துவிட்ட நிலையில், மடிக்கணினியின் இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள எழுந்து, யாரையும் கேட்காமல் திரையை இருட்டாக்கி, ‘தயவுசெய்து அணைக்காதீர்கள்’ என்று சொல்லுமானால், அது எந்தப் புணர்ச்சி என்று இந்நூல் வகுக்கவில்லை.