மலையைக் கண்டுபிடித்துத் தொலைத்தவர்

ஒரு சின்ன கேள்வி. யோசிக்கக் கூடாது, டக்கென்று பதில் வரவேண்டும். கேமரன் மலை எந்த மாநிலத்தில் இருக்கிறது?

தாப்பா பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள கடைகளில் இதைக் கேட்டுப் பாருங்கள். தே தாரிக் ஆற்றுகிற தம்பியிலிருந்து பேப்பர் படிக்கிற பெரியவர் வரைக்கும் பலர் சொல்லப்போவது ஒரே பதில்தான்: "பேராக்! இது ஒரு கேள்வியா?"

தப்பு. பகாங். தாப்பாவில் கிளம்புகிற 59-ஆம் எண் சாலை, வாயில் ஆசாம் போயும் கையில் பிளாஸ்டிக் பையுமாக நம்மை உட்கார வைத்து, வளைந்து வளைந்து ஏறி, ரிங்லெட் வருவதற்கு முன்னாலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறது. நமக்கு வயிற்றைக் கவனிக்கவே நேரம் சரியாக இருப்பதால் எல்லைப் பலகையை யாரும் கவனிப்பதில்லை. பல பத்தாண்டுகளுக்கு மலைக்கு இருந்த கார் ரோடு இது ஒன்றுதான், சிம்பாங் பூலாய் வழியெல்லாம் பின்னால் வந்தது. நம் வாசல் வழியாகப் போவதெல்லாம் நம் சொத்து என்று நினைத்துக்கொண்டோம். பகாங்காரர்களும் பெரிய மனதுடன் கண்டுகொள்ளவில்லை.

இப்படி எல்லாருக்கும் 'தெரிந்த' தப்பான பதில்களை வைத்தே பிழைப்பு நடத்துகிற டிவி நிகழ்ச்சி ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. பெயர் க்யூஐ. ஜான் லாய்ட் என்ற தயாரிப்பாளரின் மூளையில் உதித்து 2003-இல் பிபிசியில் ஆரம்பித்தது. முதலில் ஸ்டீபன் ஃப்ரை நடத்தினார், அவருக்குப் பிறகு சாண்டி டோக்ஸ்விக். நம் பக்கத்தில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தியபோது சரியான பதிலுக்குப் பணம் கொடுத்தார். க்யூஐ-யில் தப்பான பதிலுக்கு அபராதம், அதுவும் எல்லாத் தப்புக்கும் அல்ல. ஊரே சொல்லக்கூடிய தப்பைச் சொன்னால்தான் சங்கு அலறும், விளக்கு பளிச்சிடும், நீங்கள் உளறியது உங்கள் முதுகுக்குப் பின்னால் திரையில் கொட்டை எழுத்தில் ஓடும், மார்க்கும் போகும்.

ஆலன் டேவிஸ் என்ற காமெடி நடிகர் முதல் சீசனிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து சங்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். மைனஸ் முப்பது, மைனஸ் நாற்பது என்று முடிப்பது அவருக்குச் சாதாரணம். நம் பள்ளிக்கூடத்தில் இந்த மார்க்குக்கு அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அங்கே இருபது வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆலன் டேவிஸைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதைப் போடுங்கள். ஒரு நாசி லெமாக்கும் ஒரு தே-ஓவும் சேர்த்து 11 வெள்ளி. நாசி லெமாக், தே-ஓவை விட 10 வெள்ளி அதிகம். தே-ஓ எவ்வளவு? 'ஒரு வெள்ளி' என்று மனசு சொல்லியிருக்கும். சங்கு! ஐம்பது காசு. ஷேன் ஃப்ரெடரிக் என்ற ஆய்வாளர் இதையே மட்டை, பந்து வைத்துக் கேட்டார். பெரிய பெரிய பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளே வழுக்கி விழுந்தார்கள். டேனியல் கானமன் சொன்ன விளக்கம் எளிமையானது: கஷ்டமான கேள்வி வந்தால் மனசு நைசாகப் பக்கத்தில் இருக்கும் சுலபமான கேள்வியை எடுத்து, அதற்குப் பதில் சொல்லிவிட்டு, காலரையும் தூக்கிவிட்டுக்கொள்கிறது. பத்தைக் கழித்தால் என்ன என்று நாம்தான் கேட்டோம், நாம்தான் பதில் சொன்னோம். கடைக்காரர் கேட்டது வேறு.

சரி, இந்தச் சங்கைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஏரியாவைச் சுற்றி வருவோமா? பெரிய பெரிய துரைமார்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

அடுத்த கேள்வி: கேமரன் மலையைக் கண்டுபிடித்தவர் யார்? 'கேமரன்' என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. முதல் காரணம், அங்கே தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி 'இதோ ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன்' என்று டைரி எழுதினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவர்களும் அதைத்தான் செய்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ருசியானது. வில்லியம் கேமரன் அரசாங்க சர்வேயர். சர்வேயர் என்றால் என்ன வேலை? ஒரு இடத்தைப் பார்த்தால் அது எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கிற வேலை. 1885-இல் யானைகளையும் குலோப் ரியாவ் என்ற மலாய்க்கார வழித்துணையையும் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார். மேலே, மலைகளுக்கு நடுவே, சரிவு குறைந்த அழகான சமவெளி ஒன்றைப் பார்க்கிறார். பரவசப்படுகிறார். கீழே வந்து எல்லாரிடமும் சொல்கிறார். எல்லாம் செய்தார். அது எங்கே என்று மட்டும் தெளிவாக வரைபடத்தில் குறிக்கவில்லை!

அந்தக் காலத்தில் பேராக்கின் ரெசிடென்ட் ஹியூ லோ. வெயிலில் வெந்துபோன வெள்ளைக்காரர்களுக்குக் குளுகுளுவென்று ஒரு மலைவாசஸ்தலம் வேண்டும் என்பது அவர் கனவு. 'இடம் கிடைத்துவிட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை' என்ற நிலையில் அந்தக் கனவு நின்றது. கேமரனையே மறுபடி அனுப்பிக் கேட்கலாம் என்றால், மனிதர் அடுத்த வருஷமே சிங்கப்பூரில் காலமாகிவிட்டார். லொகேஷன் ஷேர் பண்ணாமலேயே போன முதல் மலாயாக்காரர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

அதன்பிறகு சுமார் நாற்பது வருஷம். பின்னால் ஏறியவர்கள் சமவெளியைப் பார்த்தார்கள். ஆனால் இதுதான் அதுவா, அது வேறு இதுவா என்ற சந்தேகம் தீரவில்லை. இன்றைக்கு நாம் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டு செல்ஃபி எடுக்கும் தானா ராத்தாவைக் கேமரன் கண்ணால் பார்த்தாரா என்பதே விவாதத்துக்குரிய விஷயம். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பெரிய அதிகாரி நேரில் போய்த் தங்கி அளந்து, 'இது தேறும், இலங்கையின் நுவரேலியா மாதிரி ஆக்கலாம்' என்று முடிவு கட்டினார். தேடி அளந்து உறுதிப்படுத்தியவர் மேக்ஸ்வெல். பெயர் மட்டும் விலாசத்தைத் தொலைத்தவருக்கு! (மேக்ஸ்வெல் பெயரில் மலை இல்லையா என்றால், இருந்தது. தைப்பிங்கில். அது இவருடைய அப்பாவின் பெயரில்.)

1926-இல் தாப்பாவிலிருந்து ரோடு போட ஆரம்பித்தார்கள். காடு, மழை, மலேரியா. 1931 வாக்கில்தான் மேலே போய்ச் சேர்ந்தது. ரோடு முடிவதற்குள்ளேயே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வியாபாரி போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பட்டியல் வரும்: தொழிலாளர்கள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு ஸ்டீம் ரோலர். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த எண்ணிக்கைதான். ஸ்டீம் ரோலர் எத்தனை என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கொழுந்து பறித்த நம் ஆட்கள் எத்தனை பேர் என்றால் 'தொழிலாளர்கள்' என்று ஒரே வார்த்தை. அவர்கள் விகுதியில் அடங்கிவிட்டார்கள்.

கீழே இறங்குவோம். ரப்பர். மலாயாவுக்கு ரப்பரைக் கொண்டுவந்தவர் யார்? 'ரிட்லி!' என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். சங்கு! ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் பூங்காவுக்கு வந்தது 1888-இல். கித்தா மரம் அதற்குப் பதினோரு வருஷம் முன்பே வந்துவிட்டது. 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வர, அதில் 9 கோலகங்சாருக்குப் போயின. வீட்டுக்குப் பின்னால் நட்டவர் யார் தெரியுமா? அதே ஹியூ லோ. மலைதான் கிடைக்கவில்லை, மரமாவது கிடைத்ததே. அதில் ஒன்று இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது.

'அப்படியானால் பிரேசிலிலிருந்து விதையைக் கடத்திய விக்ஹம்தான்' என்கிறீர்களா? கடத்தினார் என்ற இடத்தில் இன்னொரு சங்கு. 1876-இல் ஹென்றி விக்ஹம் எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றியது உண்மை. ஆனால் அன்றைக்கு ரப்பர் விதை ஏற்றுமதிக்குப் பிரேசிலில் தடையே இல்லை. வயதான காலத்தில் விக்ஹமே அந்தக் கதைக்கு மசாலா சேர்த்துச் சேர்த்து, ஏதோ எம்ஜிஆர் படத்துக் கிளைமாக்ஸ் அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். பாவம், அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்திரேலியாவில் புகையிலை போட்டார், நஷ்டம். பப்புவா தீவுகளில் என்னென்னவோ செய்தார், அதுவும் போச்சு. வாழ்க்கையில் தேறிய ஒரே காரியம் அந்த விதை மூட்டை. 1920-இல் சர் பட்டம் கொடுத்தார்கள். செய்யாத திருட்டைப் பெருமையாக ஒப்புக்கொண்டு பட்டம் வாங்கியவர் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா?

ரிட்லிக்கும் நியாயம் செய்துவிடுவோம். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கிற சீவல் முறையைப் பரிசோதித்து நிலைநாட்டியவர் அவர்தான். பார்க்கிற தோட்டத்துரை சட்டைப்பையில் எல்லாம் ரப்பர் விதையைத் திணிப்பார். துரைமார்களுக்கோ காப்பியில் நல்ல காசு. 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் வைத்துவிட்டு, விதையை ஜன்னல் வழியாகப் போட்டிருப்பார்கள். மலாக்காவில் டான் சே யான் என்ற சீனரோ பேச்சைக் கேட்டு 1896-இல் தோட்டம் போட்டார். பிறகு காப்பி படுத்தது, கார் வந்தது, டயர் வந்தது. எல்லா துரைமாரும் ஒரே குரலில், 'எனக்கு அப்பவே தெரியும்!' நடந்து முடிந்ததை முன்கூட்டியே தெரியும் என்று நம்புகிற இந்த வியாதிக்கு உளவியலில் தனிப் பெயரே இருக்கிறது. நம் வீட்டில் அதற்குப் பெரியப்பா என்று பெயர். ரிட்லி எதையும் கண்டுகொள்ளவில்லை. எண்பது வயதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டார், நூறு வயதைத் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார். பைத்தியம் என்றவர்கள் அதற்குள் எங்கே இருந்தார்களோ.

இதில் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் சீவியவர்களைப் பற்றிக் கேள்வியே வராது. வந்தாலும் பதில் செக்ரோல் பதிவேட்டில் இருக்கிறது.

ரப்பர் காசு கையில் சேர்ந்தால் மனுஷன் என்ன செய்வான்? பத்துகாஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் அரண்மனை கட்டினார். மெட்ராஸிலிருந்து ஆட்கள், இந்தியாவிலிருந்து செங்கல், ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் லிஃப்ட். கட்டிக்கொண்டிருக்கும்போதே விஷக்காய்ச்சலில் வேலைக்காரர்கள் மடிந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கோயில் கேட்டார்கள், கட்டிக்கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரை ஒருவரையும் நிற்க வைத்தார்கள். 1926-இல் லிஸ்பன் போனவர் நிமோனியாவில் இறந்துபோனார். அரண்மனை அரைகுறையாக நின்றது. லிஃப்ட் வரவேயில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மனிதர் கடைசியில் நிரந்தரமாகக் குடியேறியது மாரியம்மன் கோயில் கூரையில்தான்.

இவ்வளவு பேர் தலையில் சங்கு ஊதிவிட்டு அந்த நிகழ்ச்சியை மட்டும் விட்டால் பாவம். முதல் சீசனில் பூமிக்கு எத்தனை நிலா என்று கேட்டார்கள். ஆலன் டேவிஸ் 'ஒன்று' என்றார், சங்கு. சரியான பதில் இரண்டாம், க்ருயித்னே என்ற சிறுகோளையும் சேர்க்கவேண்டுமாம். அடுத்த சீசனில் அவரே உஷாராக 'இரண்டு' என்றார். மறுபடி சங்கு, இப்போது ஐந்தாம். ஆனால் க்ருயித்னே சுற்றுவது சூரியனை. அந்தக் கணக்கில் முதலில் சொன்ன ஒன்றே சரி. சங்கு ஊதுகிறவருக்குச் சங்கு ஊத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறுபடி மலைக்கு ஏறுவோம், ஒரு கேஸ் பாக்கி. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகத்துக்கு விற்றவர், போர்க்காலத்தில் உளவுத்துறையில் இருந்தவர், தானா ராத்தா பங்களாவில் விடுமுறைக்கு வந்திருந்தார். மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் தனியாக வெளியே நடந்தார். திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள், பொமோக்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சலித்தார்கள். பீட்டர் ஹர்கோஸ் என்ற பிரபல ஞானக்கண்காரர் வந்து, அவர் கம்போடியாவில் இருக்கிறார் என்று கண்டுசொன்னார். இன்றுவரை ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

சிஐஏ, கம்யூனிஸ்டுகள், வியாபாரப் பகை, லாரி அடித்துப் புதைத்தது, புலி. பெரிய மனிதருக்குப் பெரிய காரணம்தான் இருக்கவேண்டும் என்று மனசு அடம்பிடிக்கும். அறுபத்தொரு வயதுக்காரர், அடர்ந்த காடு, பழக்கமில்லாத ஒற்றையடிப் பாதை. கால் வழுக்கியிருக்கலாம், வழி தவறியிருக்கலாம். இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?

தாப்பாவில் பசியாறக் கூடுகிற பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆட்களைவிடக் கருத்துகள் அதிகமாக இருந்தன. கடைசியாக, ஒரு காலத்தில் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டியவரிடம், "ஏன் ஐயா, சும்மா காட்டுல வழி தெரியாம தொலஞ்சு போயிருக்க மாட்டாரா?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொலஞ்சு போறதெல்லாம் நம்ம ஆளுங்க தம்பி. துரைமாருங்க மர்மமா மறஞ்சுதான் போவாங்க."