அனுமனும் விலைச்சீட்டும்

கொரோனாத் தடுப்பூசியை அயல்நாடுகளுக்கு அனுப்ப இந்தியா வகுத்த திட்டத்தின் பெயர் ‘தடுப்பூசி மைத்ரி’. 2021 ஜனவரி 20 அன்று பூட்டானுக்கு ஒன்றரை லட்சம் டோஸும் மாலத்தீவுக்கு ஒரு லட்சமும் கிளம்பின. பெட்டிகள் இறங்கிய விமான நிலையங்களில் மாலை மரியாதைக்கும் கேமராவுக்கும் குறைவில்லை.

இரண்டே நாளில் பிரேசில் அதிபர் போல்சனாரோ, சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் பறக்கும் அனுமன் படத்தைப் போட்டு, இந்தியில் நன்றி சொன்னார். அந்த 20 லட்சம் டோஸ் காசு கொடுத்து வாங்கியது. இராமாயணத்து அனுமன் விலைச்சீட்டு நீட்டியதாக எந்தப் பாடபேதமும் இல்லை. முதல் சில மாதங்களில் போன சுமார் 6.6 கோடி டோஸில் இலவசம் ஒரு கோடி சொச்சம்தான். பாதிக்கு மேல் விற்பனை. மிச்சம், நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளித்த உலகத் திட்டமான கோவேக்ஸின் கணக்கு.

ஏப்ரலில் இரண்டாம் அலை அடித்தது. ஏற்றுமதி ஏறக்குறைய நின்றது. மே 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஊசி என்று அறிவிப்பு வந்தது. பல மாநிலங்களுக்கு ஊசி வந்து சேரவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டு உதவி வேண்டாம் என்றிருந்த கொள்கை சத்தமில்லாமல் தளர்ந்தது. ஆக்சிஜன் கருவிகள் வந்து குவிந்தன. கென்யா 12 டன் தேயிலை, காபி, நிலக்கடலை அனுப்பியது. அதைச் சமூக ஊடகத்தில் கேலி செய்தவர்களும் உண்டு, கடலை வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்ததை மறந்து. பூட்டானோ இரண்டாம் டோஸுக்குக் காத்திருந்து, ஜூலையில் அமெரிக்கா தந்த மாடர்னாவைப் போட்டுக்கொண்டது. இந்திய ஊசி மறுபடி கப்பலேறியது அக்டோபரில்.