செவலைக்கு ஊறுகாய்

போடிமெட்டில் மாடு வளர்க்கிறவனுக்கு மழைக்காலத்தில் புல்லுக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்குத்தான் பஞ்சம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்துக் கொடுத்த கோ 4 தீவனப்புல் ஆளை மறைக்கிற உயரத்துக்கு நிற்கும். மிஞ்சியதைப் பொடியாக நறுக்கி, டிரம்மில் காற்றுப் புகாமல் மிதித்து மூடி, 45 நாள் விட்டால் ஊறுகாய்ப்புல். சைலேஜ் என்று சொன்னால் பால் சொசைட்டியில் மரியாதை கூடுதல். ஆனால் மிதிக்கும் முன் புல் கொஞ்சம் வாட வேண்டுமாம். ஈரம் மிஞ்சினால் அழுகிவிடும். மெட்டில் மஞ்சு இறங்கினால் என் வேட்டியே ஒரு வாரம் காயாது, புல் எங்கே வாடும்?

கீழே போடியிலோ வெயில் கொளுத்துகிறது. காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே வர, 17 கொண்டை ஊசி வளைவிலும் நான் புல்லுக்கட்டோடு எதிரே இறங்கினேன்.

"எங்கண்ணே கொண்டு போறீக?"

"வெயில் காட்ட."

அன்றிலிருந்து அந்த டிரைவர் எனக்கு ஹாரன் அடிப்பதில்லை, கும்பிடு போடுகிறார்.

அடுத்தது சேர்மானம். இந்தப் புல்லில் சர்க்கரை கம்மி. புளிக்கவைக்கும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்றுதான் அமிலம் விடும். அந்தப் புளிப்புதான் புல்லைக் கெடாமல் காக்கிறது. 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு, 1 கிலோ உப்பு. வெல்லம் எங்கிருந்து வந்தது என்பதை டப்பாவைத் திறந்தபோது வீட்டுக்காரி தெரிந்துகொண்டாள். வெளிநாட்டில் பூண்டு, பட்டை எண்ணெயெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்று சமாதானம் சொல்லப் போய், "நம்ம ஊர்ல ஏலக்காய்..." என்று வாயை விட்டேன்.

"பாயசத்துக்கே ரெண்டு காய்தான் போடுறேன். மாட்டுக்குப் போடுறீகளோ?"

45 நாள் கழித்து டிரம்மைத் திறந்தால் பழவாடை, இளம்பச்சை மஞ்சள், ஒரு பூஞ்சணம் இல்லை. எங்கள் மாடு செவலை மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, வீட்டுக்காரி கையால் வைத்தபிறகு தின்றது. ஆர்வக்கோளாறில் மறுநாள் கறவைக்கு முன்பே ஒரு கூடை வைத்துவிட்டேன். டீக்கடைக்காரர் பாலைத் திருப்பி அனுப்பினார்: "அண்ணே, டீயில புல்லு வாடை."

வாடை பாலில் ஏறுமாம். அதனால் இப்போது வீட்டில் சட்டம்: கறந்தபிறகுதான் தீனி. செவலைக்கு மட்டுமென்று நினைத்துக் காலையில் காபி கேட்டேன்.

"கறந்தாச்சா?" என்றாள்.