கட்டம், சில்லு, கொம்யூன்: ஏம்பலத்துப் பாண்டி ஆட்டமும் எல்லைச் சட்டமும்

புதுச்சேரியின் கிராமப்புற வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். அரியாங்குப்பம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், பாகூர் என்று ஐந்து கொம்யூன்கள், அதாவது உள்ளாட்சிப் பகுதிகள். அவற்றின் இடையிடையே விழுப்புரம் மாவட்டமும் கடலூர் மாவட்டமும் புகுந்து புறப்பட்டுக் கிடக்கின்றன. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிறவர் அரியூரில் புதுச்சேரிக்காரர், கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்காரர், திருபுவனையில் மறுபடியும் புதுச்சேரிக்காரர், மதகடிப்பட்டைத் தாண்டியதும் மீண்டும் தமிழ்நாட்டுக்காரர். இத்தனைக்கும் அவர் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். இந்தச் சிக்கலுக்கு வரலாற்றாசிரியர்கள் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயைக் காரணம் காட்டுகிறார்கள். அதிகாரிகள் பழைய கோப்பைக் காட்டுகிறார்கள். சாராயக் கடைக்காரர்கள் காரணமே கேட்பதில்லை. இக்கட்டுரை வேறொரு கருத்தை முன்வைக்கிறது. இந்த வரைபடம் கண்ணால் படிக்கத் தக்கதன்று, காலால் படிக்கத் தக்கது; அதற்கான அரிச்சுவடி பாண்டி ஆட்டம். நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏம்பலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டிய பிள்ளைகளுக்கு இந்த எல்லைச் சட்டம் மாலைதோறும் கற்பிக்கப்பட்டது. ஆட்டம் தெருவைவிட்டுப் போனதிலிருந்து, தான் எந்த ஆட்சியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் பெட்ரோல் விலைப் பலகையைப் பார்க்க வேண்டிய நிலைக்கு மக்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் ஒரு சபலத்தை விலக்கிவிட வேண்டும். ஊருக்கும் பாண்டி என்று பெயர், ஆட்டத்துக்கும் பாண்டி என்று பெயர். இதைக் கண்டதும் துள்ளி எழும் ஆய்வாளர்கள் நம்மில் ஏராளம். பெயர்ப் பொருத்தத்தை வைத்துத் தமிழில் எதையும் நிறுவிவிடலாம் என்பதாலேயே இக்கட்டுரை அதைத் தொடாது. தெருவுக்குத் தெரு இதையே நொண்டி என்பாரும் சில்லு என்பாரும் உண்டு. தேவநேயப் பாவாணர் தம் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலில் பாண்டியின் வகைகளைப் பதிந்து வைத்திருக்கிறார். அந்த நூல் வெளியான ஆண்டு 1954. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஆண்டும் அதுவே. இதைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி ஆட்ட முறை. தெருமண்ணில் குச்சியால் எட்டுக் கட்டம் கீறுவார்கள். உடைந்த பானையோட்டையோ கூரையோட்டையோ கல்லில் தேய்த்து உள்ளங்கைக்குள் அடங்கும்படி செய்தால் அது சில்லு. சில்லை முதல் கட்டத்தில் எறிந்து, ஒற்றைக்காலால் நொண்டிப் போய், அதைக் காலால் எற்றி வெளியே கொண்டுவர வேண்டும். சில்லு கோட்டில் விழுந்தாலும் கால் கோட்டில் பட்டாலும் ஆட்டம் போச்சு. இப்படி எல்லாக் கட்டங்களையும் முடித்தவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கட்டமாகக் கால்வைத்து ‘ரைட்டா?’ என்று கேட்பாள். மற்றவர்கள் ‘ரைட்டு’ என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் அவளுடைய எதிரிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘இல்லை’ என்று ஒரு பொய் சொன்னால் அவள் தோற்றுவிடுவாள், இருந்தும் சொல்லமாட்டார்கள். தன் தரப்புக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் இந்த நடைமுறையை உலகின் எந்த எல்லை ஆணையமும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அவள் கட்டங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலாகச் சில்லைப் பின்னால் வீசுவாள். அது விழுந்த கட்டம் அவளுக்கு வீடு. அதில் அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்று மூச்சு வாங்கலாம், இடுப்பில் கைவைத்து ஊரைப் பார்க்கலாம். மற்றவர்கள் அதை மிதிக்காமல் தாவிப் போக வேண்டும்.

இந்த வீடு என்னும் ஏற்பாடுதான் நம் ஆய்வின் மையம். பிறருடைய நிலத்தின் நடுவே ஒரு துண்டு. அதன் சொந்தக்காரிக்கு அங்கே முழு உரிமை. மற்றவர்கள் அதைச் சுற்றியோ தாண்டியோதான் போக வேண்டும். புதுச்சேரியின் கொம்யூன்களுக்கு இதைவிடத் துல்லியமான வரையறையை எந்த அரசிதழும் தரவில்லை. எல்லையைக் காலால் நிறுவும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர்க் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அக்காலத்தில் கொடுத்த நிலத்தின் எல்லையை நடந்து காட்டிக் கல்லும் கள்ளியும் நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நடக்கும் சிரமத்தை விட்டுவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், துய்ப்ளேயின் காலத்தில், ஆர்க்காட்டு நவாப் சந்தா சாகிப்பின் தயவால் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த முறையைப் பார்த்தால், யாரோ முதுகைக் காட்டி நின்று சில்லை வீசியதாகத்தான் சொல்ல வேண்டும். விழுந்த இடம் வீடு. அதன்பின் ஆங்கிலேயர் அந்த வீட்டைப் பலமுறை பறித்தார்கள், பலமுறை திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்தது 1816-இல். ஆட்டத்தில் இப்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அந்த வகையில் ஏம்பலத்துப் பிள்ளைகள் வெர்சாய்க்கும் லண்டனுக்கும் ஒருபடி மேல்.

1954-இல் நடந்ததையும் இந்த முறையில் வாசித்துப் பார்க்கலாம். மார்ச் மாத இறுதியில் நெட்டப்பாக்கம் விடுதலைப் போராட்டக்காரர் கைக்கு வந்தது; புதுச்சேரி அரசியல் தலைவர் எதுவார் குபேர் அங்கே தற்காலிக அரசு அமைத்தார். மற்ற கட்டங்கள் இன்னும் பிரெஞ்சுக்காரரிடம் இருக்க, இந்த ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டு காலை ஊன்றி நிற்க முடிந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ‘ரைட்டு’ என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை ஆகவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஒரு காலைத் தூக்கியே வைத்திருந்தார்கள் என்று பொருள். நொண்டி ஆடிப் பழகாத எந்த மக்களாலும் இது முடிந்திருக்காது.

இங்கே ஒரு கனமான ஆட்சேபணை எழும். குழந்தைகளின் விளையாட்டில் சட்டத்தைத் தேடிய முதல் ஆள் ஏம்பலத்து ஆய்வாளர் இல்லை. அவருக்கு முன்பே அதைத் தேடியவர் ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே. கோலி ஆடும் சிறுவர்களிடம் போய், விதிகள் யார் செய்தவை, அவற்றை மாற்றலாமா என்று கேட்டுக் கேட்டு 1932-இல் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. பெண்பிள்ளைகளுக்குச் சட்ட உணர்வு பையன்களைவிட மிகக் குறைவு என்று அவர் அதில் எழுதினார். கட்டம் தாண்டும் ஆட்டத்தையும் அவர் அறிந்திருந்தார். அதில் அவர்கள் புதுப்புது உருவங்களை வரைகிறார்களே ஒழிய விதிகளை விரித்துக்கொண்டு போவதில்லை என்பது அவர் கண்டது. அப்படியென்றால் பாண்டியிலிருந்து எல்லைச் சட்டத்தைக் கறந்தெடுப்பது வீண்வேலை ஆகாதா? பியாஜேயிடம் மரியாதை குறையாமல் சொல்வதானால், அவர் கோலியைக் கவனித்த அளவுக்குச் சில்லைக் கவனிக்கவில்லை. கோலியில் ஜெயித்தால் கிடைப்பது கோலி. பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அது அசையும் சொத்து. பாண்டியில் ஜெயித்தால் கிடைப்பது நிலம். அசையும் சொத்துக்கும் அசையாச் சொத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பத்திர எழுத்தரும் பியாஜேக்கு விளக்கியிருப்பார். நிலத்துக்கு எல்லை வேண்டும், வழித்தட உரிமை வேண்டும், பக்கத்துக் கட்டத்துக்காரியின் சம்மதம் வேண்டும். இவ்வளவும் அந்த எட்டுக் கட்டத்துக்குள் இருந்தன. வரைகிற உருவத்தை மாற்றினாலே விதியை மாற்றியதாகத்தான் ஆகும்; தொகுதி மறுவரையறை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதோடு சொத்துரிமையில் இந்தப் பெண்பிள்ளைகள் சட்டமன்றங்களை முந்தியிருந்தார்கள். தமிழ்நாடு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு உண்டென்றது. அந்தத் திருத்தம் மாநில எல்லைக் கோட்டோடு நின்றுவிட்டது. புதுச்சேரிப் பெண்களுக்கு அதே உரிமை கிடைக்க, மத்திய அரசு 2005-இல் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டமங்கலத்தில் பிறந்தவளுக்கும் அரியூரில் பிறந்தவளுக்கும் இடையே ஒரு கோடு, அந்தக் கோட்டின் அகலம் 16 ஆண்டு. பெண்ணுக்கு இடமில்லாத சொத்துச் சட்டம் பெரியவர்களிடம் இருந்த காலமெல்லாம், அதே வீட்டு வாசலில் பத்து வயதுப் பிள்ளை ‘இது என் வீடு, மிதிக்காதே’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் அதை விளையாட்டு என்றது. வயதுக்கு வந்த நாளோடு அவளுடைய தெரு முடிந்தது, பட்டாவும் காலாவதியானது. இந்தக் குடியரசின் இன்னொரு எல்லையையும் ஆய்வாளன் மறைக்கக் கூடாது. ஊர்த்தெருவில் போட்ட கட்டத்துக்கும் காலனியில் போட்ட கட்டத்துக்கும் நடுவே இருந்த கோட்டை எந்தச் சில்லும் தாண்டியதில்லை. அந்தக் கோடு குச்சியால் போட்டதாக இருந்திருந்தால் ஒரு மழையில் அழிந்திருக்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது நல்லது.

மழைக்காகக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. விடிந்ததும் வாசல் தெளித்துப் பெருக்கும்போது முந்தின மாலைக் கட்டம் போய்விடும். அதே இடத்தில் அம்மாவின் கோலம் வரும். பொழுது சாய்ந்ததும் கோலத்தின் மிச்சத்தின்மேல் மகளின் கட்டம் வரும். ஒரே நிலத்தில் காலையில் ஓர் அரசு, மாலையில் ஓர் அரசு, இடையில் கோழிகளின் ஆட்சி. தினமும் எல்லை புதிதாக வரையப்பட்டதால் யாருக்கும் நிரந்தர உடைமை இல்லை. நேற்று மூன்று வீடு வைத்திருந்தவளும் இன்று வெறுங்கையோடு சா பூ திரி போட்டு வரிசையில் நிற்க வேண்டும். பெரியவர்களின் உள்ளாட்சியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது; அதற்கடுத்தது 2006-இல். நடுவே 38 ஆண்டுகள் எந்தக் கொம்யூனிலும் கட்டம் அழிக்கப்படவில்லை. அந்த 38 ஆண்டுகளிலும் மாலைதோறும் தேர்தல் நடத்தி முடித்த ஒரே அமைப்பு தெருப்பிள்ளைகளுடையது.

ஆட்டமே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது என்று ஒருசாரார் சொல்லக்கூடும். பிரான்சிலும் பிள்ளைகள் கட்டம் தாண்டுகிறார்கள். சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ஆட்சியே நடக்காத மதுரையிலும் திருநெல்வேலியிலும் பிள்ளைகள் நொண்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கட்டம் பூமியில் தொடங்கிச் சொர்க்கத்தில் முடிகிறது. நம் கட்டம் வீட்டில் முடிகிறது. சொர்க்கத்துக்குப் பட்டா வாங்க முடியாது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

கைப்பேசிக் கட்சியின் வாதம் இதைவிடப் பலமானது. இன்றைய பிள்ளைகளும் நிலத்துக்காகத்தான் ஆடுகிறார்கள், திரைக்குள் வரைபடம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, பிறகென்ன குறை என்கிறார்கள். அந்த ஆட்டங்களின் நிலச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பப்ஜியில் வட்டம் நேரமாக ஆகச் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவன் சாவான், உள்ளே நிற்பவனைப் பக்கத்தில் இருப்பவன் சுடுவான். கடைசிவரை யாருக்கும் ஒரு வீடு கிடைக்காது, இரண்டு காலை ஊன்றி மூச்சு வாங்க ஓர் இடம் கிடையாது. மேலும் அந்த நிலம் ஆடுகிறவர்களுக்குச் சொந்தமில்லை. 2020 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது, பப்ஜி போயிற்று. 2022 பிப்ரவரியில் இன்னோர் உத்தரவு, ஃப்ரீ ஃபயரும் போயிற்று. வேறு பெயர்களில் திரும்பி வந்தார்கள் என்பது வேறு கதை. பாண்டி ஆட்டத்தைத் தடைசெய்ய வேண்டுமானால் புதுச்சேரி அரசு ஒவ்வொரு பானையோட்டையும் பறிமுதல் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் கைப்பேசியின்மேல் முழுப் பழியையும் போடுவது சோம்பேறி ஆய்வு. பிள்ளைகள் திரைக்குள் போனதற்குப் பாதிக் காரணம், தெரு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. குச்சியால் கீறிய மண்மேல் சிமெண்டு போட்டார்கள். சிமெண்டில் கோடு போடச் சாக்குக்கட்டியோ கரித்துண்டோ போதும், பிள்ளைகள் சமாளித்திருப்பார்கள். ஆனால் சிமெண்டு வந்ததும் அதன்மேல் வண்டிகள் வந்தன. எல்லைக்கு அப்பாலிருந்து விலை குறைந்த பெட்ரோலையும் அதற்கு அடுத்த திரவத்தையும் நாடி வருகிற இருசக்கர வாகனங்கள் மாலையில் எந்தத் தெருவையும் விட்டுவைப்பதில்லை. ஒரு ரவுண்டு முடிப்பதற்குள் ஏழுமுறை ஓரமாக ஒதுங்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை ஆடுவாள்?

எனவே இந்த ஆய்வு நில அளவைத் துறைக்கோ கல்வித் துறைக்கோ பரிந்துரை எதுவும் செய்யவில்லை. அவர்கள் பாண்டியைப் பாடத்திட்டத்தில் சேர்த்து, அதற்கு மதிப்பெண் போட்டு, மிச்சத்தையும் கெடுத்துவிடுவார்கள். வேண்டுகோள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். ஏம்பலத்திலோ, கரிக்கலாம்பாக்கத்திலோ, பாகூர்ப் பக்கத்துத் தெரு எதிலோ சாக்குக்கட்டியால் போட்ட எட்டுக் கட்டம் கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போங்கள். அதில் ஏதோ ஒரு கட்டம் யாருக்கோ வீடு. எது என்று தெரியாவிட்டால் இறங்கி, அங்கே நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், பொய் சொல்லமாட்டார்கள்.